எழுதி வரவழைத்த காதலி: எங்கள் ஊர்த் திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் இருபது முப்பது பேர் கூடிப் படம் பார்க்கிறோம். கடைசியாகக் காட்டியது ‘ரூபி ஸ்பார்க்ஸ்’, 2012-இல் வந்த அமெரிக்கப் படம். வழக்கமாகப் படம் முடிந்தால் நாற்காலிகளை மடக்கிவைத்துவிட்டுக் கலைந்துவிடுவோம். அன்று கீழே இருக்கும் தேநீர்க் கடை மூடும்வரை பேச்சு ஓயவில்லை. மறுவாரம் சந்தையில் மீன் வாங்கும்போதும் கேள்வி, கோவில் வாசலில் செருப்பைத் தேடும்போதும் கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் எழுதிவிடுகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடிவுவரை எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசியிருக்கிறேன்.

நான் பாதியில் வந்தேன். கதைதான் என்ன?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கால்வின் என்றோர் எழுத்தாளன். பத்தொன்பது வயதில் வெளியான நாவல் அவனைப் பெரிய மனிதனாக்கிவிட்டது. ஆண்டுகள் ஓடிவிட்டன, அடுத்த நாவல் வரவில்லை. துணைக்கு ஸ்காட்டி என்றொரு நாய். பேசுவதற்கு ஒரு மனநல மருத்துவர். உன் நாயை அப்படியே ஏற்றுக்கொள்கிற ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா, மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார் மருத்துவர். கனவில் வந்த ஒரு பெண்ணை வைத்துக் கால்வின் எழுதத் தொடங்குகிறான். பழைய தட்டச்சுப்பொறியில் தாள் தாளாக ஓடுகிறது. அவளுக்கு ரூபி ஸ்பார்க்ஸ் என்று பெயர் வைக்கிறான், ஊர் வைக்கிறான், பழைய காதலர்களைக்கூட வைக்கிறான். ஒரு நாள் அந்த ரூபி அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் சமையலறையில் நிற்கிறாள். ஏதோ பல நாள் அங்கேயே குடியிருப்பவளைப் போல.

தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கால்வின் நினைக்கிறான். வெளியே அழைத்துப்போனால் மற்றவர்கள் கண்ணுக்கும் அவள் தெரிகிறாள். பிறகு இன்னொன்றும் தெரியவருகிறது: அவளைப் பற்றி அவன் புதிதாக ஒரு வரி தட்டினால், அவள் அந்த வரியாகவே ஆகிவிடுகிறாள்.

இது பேய்ப் படமா?

இல்லை. ஆனால் கேட்டவர் மேல் தப்பில்லை. பெண் திடீரென்று வீட்டுக்குள் தோன்றினால் நம் ஊரில் முதலில் மல்லிகைப்பூ வாசனை வருகிறதா என்றுதான் முகர்ந்து பார்ப்போம்.

எழுதிய பெண்ணுக்கு எப்படி உயிர் வந்தது? படம் காரணமே சொல்லவில்லையே.

சொல்லவில்லை, நல்ல வேளை. மின்னல், சாபம், தாயத்து என்று ஏதாவது ஒன்றைக் காட்டியிருந்தால் நம் கவனம் முழுவதும் அதன்மேல் போயிருக்கும். எப்படி வந்தாள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. வந்தவளை அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அதன் கண். இட்லி எப்படி வெந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் சட்டினி ஆறிவிடும்.

அவள் திடீரென்று பிரெஞ்சு பேசுகிறாளே, அது எதற்கு?

கால்வினின் அண்ணன் ஹாரி எதையும் நம்பாதவன். அவனுக்கு நிரூபிக்க, ரூபி சரளமாகப் பிரெஞ்சு பேசினாள் என்று கால்வின் ஒரு வரி தட்டுகிறான். கீழே இருந்தவள் அடுத்த நொடி பிரெஞ்சில் பேசுகிறாள். தான் மொழி மாறியதே அவளுக்குத் தெரியவில்லை. மாடியில் அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதே பிரெஞ்சு கடைசியில் திரும்பி வரும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தின் சாமர்த்தியம் அங்கே இருக்கிறது. முதலில் வேடிக்கையாகக் காட்டிய அதே பொருளைப் பிறகு கத்தியாக நீட்டுகிறது.

பிரெஞ்சு என்றதும் ஒரு கிளைக்கதை. நம் ஊரை ஒட்டிய தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை, அதாவது பாமாயில் மரம், நட்டார்கள். பெயரில் இருப்பது தென்னைமரம், மண்ணில் இருப்பது செம்பனை. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தத் துரை பிற்பாடு மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். எழுத்தாளன், கற்பனை, பிரெஞ்சு என்று அமெரிக்காக்காரர்கள் படம் எடுத்துக் காட்டும்போது, இதெல்லாம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சங்கதி என்று காலை நீட்டி உட்கார்ந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு.

காதல் படம் என்றுதானே கூப்பிட்டீர்கள்? இதில் காதல் எங்கே இருக்கிறது?

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களில் பாதிப் பேர் கோபமாகவே கேட்டார்கள்.

காதல் இருக்கிறது. தொடக்கத்தில் நிறையவே இருக்கிறது. எழுதிய தாள்களை மேசை இழுப்பறைக்குள் பூட்டிவைத்துவிட்டு, இனி அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று கால்வின் முடிவு செய்கிறானே, அந்த நாட்கள் முழுவதும் காதல்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ரூபிக்கு மனிதர்கள் வேண்டும். அவன் அம்மா வீட்டுக்குப் போனால் அங்கிருப்பவர்களோடு சிரித்துப் பேசுகிறாள், இவன் மூலையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். ஊர் திரும்பியதும் அவள் ஓவிய வகுப்புக்குப் போகிறாள், தோழிகளைத் தேடிக்கொள்கிறாள், வாரத்தில் ஒரு நாள் தன் இடத்தில் தனியாகத் தூங்குகிறேன் என்கிறாள். இதில் குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அவள் ஒரு ஆளாகிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அவளை ஆளாக அவன் எழுதவில்லை. தனக்கு மருந்தாக எழுதினான்.

பூட்டைத் திறக்கிறான். தான் இல்லாமல் ரூபி வேதனைப்பட்டாள் என்று ஒரு வரி தட்டுகிறான். அவள் வேதனைப்படத் தொடங்குகிறாள். கையை விட்டால் அழுகிறாள், அடுத்த அறைக்குப் போனாலும் தேடுகிறாள். இரண்டு நாளில் இவனுக்கு மூச்சு முட்டுகிறது. சரி, எப்போதும் பொங்கும் மகிழ்ச்சியோடு இருந்தாள் என்று மாற்றுகிறான். இப்போது எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள், குதிக்கிறாள். அந்தச் சிரிப்பு தட்டச்சுப்பொறியிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அவனால் அதை ரசிக்க முடியவில்லை. பிறகு, அவள் பழையபடி இருந்தாள் என்று எழுதிப் பார்க்கிறான். பழையபடி என்றால் எப்படி என்று அவளுக்கே தெரியாமல் தடுமாறுகிறாள்.

என் பார்வையில் படத்தின் உச்சம் இந்த மூன்று திருத்தங்கள்தான். அடித்து, மாற்றி, மறுபடி அடித்து எழுதும் ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பது ஒன்றே: உன் விருப்பத்தோடு நீ என்னை நேசிக்க வேண்டும், ஆனால் அந்த விருப்பத்தை நான்தான் எழுதுவேன். இந்த இரண்டும் ஒரு கூரைக்குக் கீழே குடியிருக்காது. இல்லாத ஒருத்தியை மனத்தில் செய்துகொண்டதற்காக அவனை நான் குறை சொல்லமாட்டேன். பெண் பார்க்கப் போகும் முன்பு மனத்துக்குள் ஒரு முகத்தைச் செய்துகொள்ளாதவர் யார்? வந்தவள் வாசலில் நின்ற பிறகும் பேனாவைக் கீழே வைக்காமல் இருந்தானே, அதுதான் அவன் செய்த கொடுமை.

இதை எழுதியது ஆணா பெண்ணா?

பெண். ரூபியாக நடித்த ஜோயி கசானே திரைக்கதையையும் எழுதினார். பழம்பெரும் இயக்குநர் எலியா கசானின் பேத்தி அவர். கால்வினாக நடித்த பால் டேனோ நிஜ வாழ்க்கையில் அவருடைய துணைவர். படத்தை இயக்கிய ஜொனாதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் இருவரும் கணவன் மனைவி. ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ என்ற 2006-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர்கள். ஆக, ஒருத்தியைத் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்ட ஒருவனின் கதையை இரண்டு ஜோடிகள் சேர்ந்து செய்திருக்கிறார்கள். படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

எழுதியவர் பெண் என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை பாருங்கள், படம் வேறாகத் தெரியும். நம் தமிழ்ப் படங்களில் ஒரு நாயகி உண்டு. மழையில் நனைவாள், தெருப் பிள்ளைகளோடு ஐஸ் சாப்பிடுவாள், கதாநாயகனின் சோகத்தைத் துடைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இருக்காது. அமெரிக்கப் படங்களிலும் அவள் இருக்கிறாள். நேதன் ராபின் என்ற விமர்சகர் 2007-இல் அவளுக்கு ‘மேனிக் பிக்சி டிரீம் கேர்ள்’ என்று ஒரு கேலிப் பெயர் வைத்தார். அது ஊரெல்லாம் பரவி, எந்தப் பெண் பாத்திரத்தைக் கண்டாலும் ஒட்டும் முத்திரையாகிப்போனதால், 2014-இல் அவரே மன்னிப்பும் கேட்டார். ரூபிக்கு அந்தப் பெயரை ஒட்டியபோது கசானுக்குப் பிடிக்கவில்லை. நியாயந்தான். அந்த நாயகிக்கு உள்ளேயும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு வலிக்கும் என்று சொல்லவே ஒரு படம் எழுதியவர் அவர்.

படம் முடிந்ததும் ஒரு பாட்டி ‘கிராணி’ என்று சத்தமாகச் சொன்னாராமே, என்ன அது?

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். எண்பதைத் தாண்டியவர். ரப்பர்ப் பால்மரக் காலத்திலிருந்து தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது பாயைப் போட்டு இடம் பிடித்த தலைமுறை. ஆங்கிலம் தெரியாது. மலாய்த் துணைத்தலைப்பு ஓடும் வேகத்துக்குப் படிக்கவும் முடியாது. நான் தொடக்கத்தில் தமிழில் சொன்ன நான்கு வரிக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார்.

இறுதிக்குச் சற்று முன்பு ஒரு காட்சி. நீ என் எழுத்து, நான் எழுதியபடிதான் ஆடுவாய் என்று ரூபியிடம் கால்வின் சொல்லிவிடுகிறான். அவள் நம்பவில்லை, வெளியேறப் பார்க்கிறாள். அவன் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்து தட்டுகிறான். அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. பிரெஞ்சு பேசுகிறாள். விரலைச் சொடுக்குகிறாள். பாடுகிறாள். நீ ஒரு மேதை, நீ ஒரு மேதை என்று கத்திக் கத்திக் கடைசியில் தரையில் விழுகிறாள். அந்த இடத்தில்தான் பாட்டி சொன்னார்: “இவன் கிராணி.”

பின்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன். கிராணி என்றால் தோட்ட அலுவலகத்துக் கணக்கர். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், ஆட்கள் நிற்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் விழுந்தால் அன்று வேலை, விழாவிட்டால் நடந்து வந்தது மட்டுந்தான் மிச்சம். எத்தனை மங்கு ரப்பர்ப் பால் எடுத்தாலும் புத்தகத்தில் ஏறியதே கணக்கு. குழந்தை பிறந்தால் பெயரையும் தேதியையும் பதிவுக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் அலுவலகத்து ஆள்தான். தாய் வைத்த பெயர் ஒன்றாக இருக்கும், தாளில் ஏறியது வேறாக இருக்கும். இந்த நாட்டில் அடையாள அட்டை 1948-இல் அவசரகாலத்தின்போது வந்தது. அதற்குப் பிறகு தாளில் இருப்பவர்தான் ஆள், எதிரே நிற்பவர் அப்புறம்.

பாட்டியின் அட்டையில் அவர் பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறது. பிறந்த நாளாக ஒரு தேதி இருக்கிறது. அந்த மாதத்தில் தான் பிறக்கவே இல்லை, தீபாவளிக்கு மறுவாரம் பிறந்ததாகத் தன் அம்மா சொன்னார் என்கிறார். அறுபது ஆண்டுகளாக மருத்துவமனையிலும் வங்கியிலும் அந்தக் குறைந்த எழுத்தைச் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து போகிறார். ஒருவர் எழுதினால் இன்னொருவர் அதுவாக ஆகிவிடுவதைப் புரிந்துகொள்ள அவருக்கு மந்திரமும் வேண்டியிருக்கவில்லை, ஆங்கிலமும் வேண்டியிருக்கவில்லை. நான் விமர்சகர்கள் எழுதியதை எல்லாம் தேடிப் படித்துவிட்டு அவரிடம் தோற்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நன்றாயிருக்காது. என் அப்பா கிராணி. பாட்டி இருந்த தோட்டம் இல்லை, வேறு தோட்டம். மணிமணியான கையெழுத்து அவருக்கு. அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டு வளர்ந்தவன் நான். அன்று மாடியில் நாற்காலிகளை மடக்கும்போது முதல்முறையாக வேறு மாதிரி யோசித்தேன்.

தமிழில் இப்படிக் கதை உண்டா?

சிற்பி தான் செதுக்கிய பெண்ணையே காதலித்த கதை கிரேக்கர்களுடையது. பிக்மாலியன் என்பது அவன் பெயர். ரோமக் கவிஞர் ஓவிட் தன் நூலின் பத்தாம் பகுதியில் பாடியிருக்கிறார். சிலைக்கு உயிர் வருகிறது, கல்யாணம் நடக்கிறது, குழந்தையும் பிறக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஓவிட் பெயர் வைக்கவில்லை. நம் பக்கத்தில் மகாபாரதத்துத் திலோத்தமை இருக்கிறாள். உலகத்து அழகையெல்லாம் எள்ளளவு எள்ளளவாக எடுத்து விசுவகர்மா அவளைச் செய்கிறான், சுந்தன் உபசுந்தன் என்ற இரு அசுரச் சகோதரர்கள் அடித்துக்கொண்டு சாவதற்காக. சாகிறார்கள். வேலை முடிந்த பிறகு பிரம்மா அவளுக்கு வரம் கொடுக்கிறார், ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அவள் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது கதை இல்லை, இலக்கணம். இறையனார் களவியல் என்ற காதல் இலக்கண நூலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை, அகப்பாட்டில் வரும் காதலை ‘இல்லது, இனியது, நல்லது’ என்று புலவர்கள் நாட்டிய ஒழுக்கம் என்கிறது. உலகத்தில் அப்படியே நடப்பதில்லை, ஆனால் இனிமையானது, நன்மையானது. ஆகவே புலவர்கள் செய்துவைத்தார்கள். செய்த காதல் என்பதை ஒளிக்கவே இல்லை பாருங்கள். கால்வின் முதல் தாளில் எழுதியதும் இல்லது, இனியது. மூன்றாவதான ‘நல்லது’ என்பதில்தான் சறுக்கினான்.

தொல்காப்பியம் இன்னும் கறாரானது.

மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும்
சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்

காதலைப் பாடு, ஆனால் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டாதே. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவே. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது ஏதோ பழங்காலத்துக் கூச்சம் என்று நினைத்தேன். அது கூச்சமில்லை, பாதுகாப்பு என்று எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்று. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களோடுதான் அரங்குக்குப் போக முடியும். கெட்ட வார்த்தை வருகிறது, கட்டில் பேச்சு வருகிறது. 104 நிமிடம். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். கல்லூரிக்குப் போகும் மகன் இருந்தால் கட்டாயம் உட்காரவையுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

“என் வீட்டில் தட்டச்சுப்பொறி இல்லை. ஆனால் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நான் என்ன செய்ய?”

கேள்விப் பெட்டியில் விழுந்த ஒரு சீட்டு, பெயர் இல்லை. மாடியில் வாசிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எழுதியவர் இதைப் படிப்பார் என்று நினைத்துச் சொல்கிறேன், அம்மா: படத்தில் கால்வினின் பழைய காதலி லைலா ஒரு விருந்தில் அவனைச் சந்திக்கிறாள். என்னைப் பற்றி நீ ஒரு படம் வரைந்து வைத்திருந்தாய், அந்தப் படத்துக்குப் பொருந்தாத எதையும் நீ கேட்கவே விரும்பவில்லை என்ற பொருளில் பேசிவிட்டுப் போய்விடுகிறாள். அவள் யாரும் எழுதிய பெண் இல்லை, அதனால் அவளால் போக முடிந்தது. நீங்களும் யாரும் எழுதிய பெண் இல்லை. மீதியைத் தாளில் எழுதக்கூடாது. புத்தகக் கடைக்கார அக்காவிடம் பேசுங்கள், அவர் வாய் திறக்காதவர். எங்கே போகலாம், யாரைப் பார்க்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

முடிவு சப்பென்று இருக்கிறது. எதற்கு மறுபடி சந்திக்கவைத்தார்கள்?

இதில் எங்கள் மாடி இரண்டாகப் பிளந்தது. நடந்ததை நினைவூட்டுகிறேன். அந்தக் கொடூரக் காட்சிக்குப் பிறகு கால்வின் கடைசிப் பக்கத்தைத் தட்டுகிறான்: வீட்டைவிட்டு வெளியேறியதும் கடந்தகாலம் ரூபியை விட்டுவிட்டது, அவள் இனி அவன் படைப்பில்லை, அவளுக்கு விடுதலை. விடிந்ததும் அவள் இல்லை. பிறகு அவளைப் பற்றியே ஒரு நாவல் எழுதுகிறான், இந்தத் தடவை தட்டச்சுப்பொறியை விட்டுவிட்டுக் கணினியில். நாவல் வெற்றி. ஒரு நாள் பூங்காவில் நாயோடு போகும்போது ஒருத்தி அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ரூபியின் முகம். அவளுக்கு எதுவும் நினைவில்லை. பேச்சு தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், திருந்தியவனுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்தால் என்ன குறைந்துபோயிற்று என்றார். செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தங்கை, அவளுக்கு நினைவில்லை, இவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, இது எப்படிச் சமமான தொடக்கம் ஆகும் என்று கேட்டார். நான் அந்தத் தங்கை பக்கம். அவள் காலியான தாளாக வருகிறாள், அவன் கையில் பழைய கதை முழுவதும் இருக்கிறது. பூங்காவுக்கு முன்பே, கணினியை மூடும் இடத்தில் படத்தை நிறுத்தியிருந்தால் இன்னும் நல்ல படம். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் அவர் கேட்ட படத்தைத்தான் போடுகிறோம்.

தட்டச்சுப்பொறி வேண்டும் என்று என் மகன் அடம்பிடிக்கிறான். எங்கே கிடைக்கும்?

பழைய சாமான் கடைகளில் கிடைக்கலாம். ஆனால் தமிழ் எழுத்துப்பொறி தேடுங்கள். அதை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், பிழைப்புக்காக இந்தப் பக்கம்தான் வந்தார். நம்மிடம் வேலை பார்த்தவர் செய்த பொறியை விட்டுவிட்டு ஆங்கிலப் பொறிக்கு ஏன் ஏங்க வேண்டும்? மகனிடம், பெண் யாரும் வரமாட்டாள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ரிப்பன்தான் அடிக்கடி சிக்கும்.

நீங்களும் ஒரு காலத்தில் கதையெல்லாம் எழுதினீர்களாமே, ஏன் விட்டுவிட்டீர்கள்?

இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

கால்வினுக்குப் பத்தொன்பது வயதில் நாவல். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு ஞாயிறு மலரில் ஒரே ஒரு சிறுகதை. அப்போது நம் ஊருக்கு பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2007-இல்தான் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதினார்கள். கதையில் ஒரு கிராணி மகன், ஒரு பால்வெட்டும் குடும்பத்துப் பெண். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து செம்மண் சாலையில் அவள் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், இவன் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு ஒரு கடிதம், ஒரு மழை. எல்லாம் என் மண்டைக்குள் செய்தது. அப்படி ஒருத்தி இல்லை. பெயரைக்கூட நானே கோத்து எடுத்தேன். ஆனால் சைக்கிளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன், பின்னலில் கனகாம்பரம் வைத்தேன். எழுத்து நிஜம்போல் இருக்க வேண்டாமா?

மலர் தோட்டத்துக்கு வந்தது, கை மாறி மாறி எல்லா லயத்துக்கும் போனது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண் எங்கள் தோட்டத்தில் அப்போது ஒருத்திதான். நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கிராணி மகன் எழுதி, தாளில் அச்சாகிவிட்டதே. தாளில் ஏறியது பொய்யாகுமா? ஒரு வாரத்தில் அவள் அப்பா சைக்கிளை எடுத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த மாதம் பள்ளிக்கூடமும் நின்றது. ஐந்தாம் படிவத் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல அந்த வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன். போனால் கதை உண்மை என்று உறுதியாகிவிடும் என்று அம்மா தடுத்தார். அம்மா சொன்னது சரி. போகாததும் சரியில்லை. அதற்குப் பிறகு கதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அந்தச் சைக்கிள் பெண் இப்போது பேரப்பிள்ளைகளோடு இதே ஊரில் இருக்கிறார். சந்தையில் பார்த்தால் தலையசைப்போம். நாற்பது ஆண்டுகளாக அவ்வளவே. அந்தச் சனிக்கிழமை மகளோடு மாடிக்கு வந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. படம் முடிந்து எல்லோரும் கீழே இறங்கிய பிறகும் நின்றார். நான் மின்விசிறியை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

“அண்ணன், அந்தக் கதையை நான் படித்ததே இல்லை. அப்பா எரித்துவிட்டார். உங்களிடம் இருக்கிறதா?”

இல்லை என்றேன். என்னிடமும் இல்லை.

“சைக்கிளுக்கு என்ன நிறம் எழுதியிருந்தீர்கள்?”

“மஞ்சள்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“என்னுடையது பச்சை.”